சாயப்பட்டறை லேபிலிருந்து கடல் ஆய்வுக் கப்பலுக்கு: கொங்குநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் மூன்று வருஷம் ஷேடு பார்த்தவள் நான். பிறகு ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்து, கரையோரக் கடலின் நிறத்தையும் ரசாயனத்தையும் அளக்கும் கப்பலில் போனேன். ஊருக்கு வரும்போதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, கடலே இல்லாத ஊர்ல இருந்து அங்க போயி என்ன பண்ணுனீங்க?" லேபில் செய்த வேலையைத்தான் அங்கேயும் செய்தேன். ஒளி எந்த நிறத்தில் எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று பார்க்கிற வேலை. அப்படி முதல்முறை கப்பலேறப் போகிறவர்களுக்காக, வரிசைப்படி இதை எழுதுகிறேன்.

எதை அளக்கப் போகிறோம்

கடலுக்குள் இறங்கும் வெயிலை நான்கு கூட்டம் பங்கு போட்டுக்கொள்கிறது. முதலாவது தண்ணீரே. அது சிவப்பை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். இரண்டாவது, பச்சையம் உள்ள நுண்பாசிகள். நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டு பச்சையை விட்டுவிடும். மூன்றாவது சேறும் மணலும். இவை ஒளியைச் சிதறடித்துத் தண்ணீரைக் கலங்கலாகக் காட்டும். நான்காவது, கண்ணுக்குத் தனியே தெரியாத கரைந்த நிறப்பொருள். கப்பலில் இதைச் 'சிடாம்' என்பார்கள். தோட்டத்துத் தொட்டியில் புளிய இலை விழுந்து ஊறினால் தண்ணீர் நாலு நாளில் மஞ்சளாகும் அல்லவா, அதே சங்கதிதான். இலையும் தழையும் மக்கிய சாறு ஆற்றோடு கடலுக்குப் போகிறது. ஊதாவையும் நீலத்தையும் இது பலமாக விழுங்கும்.

செயற்கைக்கோள் கடலைப் படம் எடுத்துப் பச்சையத்தைக் கணக்குப் போடுகிறதே, கப்பல் எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவின் ஓஷன்சாட்-1, 1999 மே 26 அன்று ஏவப்பட்டது. 2022 நவம்பர் 26 அன்று போன ஓஷன்சாட்-3இல் உள்ள கருவி 13 அலைவரிசைகளில் கடல் நிறத்தைப் பார்க்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேரும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுமண்டலம் சிதறடித்தது. மிச்சம்தான் கடலிலிருந்து வந்தது. கரையோரத்தில் அந்த மிச்சத்திலும் குழப்பம்: பாசி விழுங்கும் அதே நீலத்தைச் சிடாமும் விழுங்குவதால், இருப்பதைவிட அதிகப் பாசி இருப்பதாகக் கணக்கு வந்துவிடும். மீன் கூடும் இடங்களை மீனவர்களுக்குச் சொல்லும் ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம், பச்சைய அளவையும் கடல்பரப்பு வெப்பத்தையும் வைத்தே அந்த அறிவிப்பைத் தயாரிக்கிறது. அதனால் யாராவது கடலுக்கே போய், செயற்கைக்கோள் கடக்கும் அதே நேரத்தில், தண்ணீரை எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

இடம் கிடைப்பது எப்படி

வேதியியல், இயற்பியல், உயிரியல், ஜவுளி வேதியியல் எதுவானாலும் சரி. கப்பலில் தனி ஆளாக யாரும் இடம் கேட்க முடியாது. ஏதாவது ஒரு திட்டத்தோடு சேர்ந்துதான் போக வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கோவைக்காரர்களுக்குச் சென்னையைவிடப் பக்கம் கொச்சி. அங்கே கொச்சி பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் துறைகள் இருக்கின்றன. இவர்கள் இணையப் பக்கங்களில் திட்ட உதவியாளர், பயிற்சி மாணவர் அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். அதில் "ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் கையாண்ட அனுபவம்" (எந்த நிற ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று அளக்கும் கருவி) என்று ஒரு வரி எழுத முடிந்தால் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. திருப்பூர், ஈரோடு, கரூர் சாய லேபில் வேலை பார்த்த பிள்ளைகள் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஊரிலேயே பழகிக்கொள்ளுங்கள்

கப்பலில் ஒரு நாள் ஓட்டத்துக்கு ஆகும் செலவு பெரியது. அங்கே போய்க் கை பழக நேரம் இல்லை. இரண்டு மாதம் முன்பே ஊரில் தொடங்குங்கள்.

முதலில் ஒரு செக்கி தட்டு. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், போப்பாண்டவரின் நீராவிக் கப்பலில் இருந்து வெள்ளைத் தட்டுகளை மத்தியதரைக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். நூற்றைம்பது வருஷம் தாண்டியும் ஆய்வுக் கப்பல்களில் அந்தத் தட்டு இருக்கிறது. கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ ஏதாவது லேத் பட்டறையில் சொன்னால் 30 சென்டிமீட்டர் குறுக்களவில் இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டித் தருவார்கள். நடுவில் ஒரு துளை, அதில் கொக்கி, அடியில் இரண்டு கிலோ எடை, மேலே பளபளக்காத வெள்ளைப் பெயின்ட். குளத்துக்கு 20 சென்டிமீட்டர் தட்டு போதும்; அதைக் கறுப்பு வெள்ளையாக நான்கு கால்பாகமாக அடிப்பது வழக்கம். கயிறு நனைந்தால் நீளாததாக இருக்கட்டும். 10 சென்டிமீட்டருக்கு ஒரு அடையாளம் போடுங்கள்.

பகல் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் இறக்குங்கள். மறையும் ஆழத்தைக் குறியுங்கள். இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு மேலே இழுத்து, மறுபடி தெரியும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் கணக்கு. ஒரே இடத்தில் மூன்று பேர் தனித்தனியே பார்த்து, அடுத்தவர் சொன்னதைக் கேட்காமல் எழுதுங்கள். 1.7ஐ அந்த ஆழத்தால் வகுத்தால், ஒளி எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று உத்தேசமாகக் கிடைக்கும். கலங்கிய கரையோர நீரில் இந்த 1.7 சரியாகப் பொருந்தாது, அதற்குத்தான் கருவிகள்.

எங்கே பழகுவது? பவானி கூடுதுறையில் பரிசல்காரரோடு, உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பவானியையும் காவிரியையும் தனித்தனியே பாருங்கள். அணைக்குள் இறங்க வேண்டுமென்றால் நீர்வளத்துறை அனுமதி வேண்டும், கேட்காமல் போகாதீர்கள். ஊர்க்குளத்திலும் ஒரு நாள் பாருங்கள். பாசி பிடித்த குளத்தில் ஒரு முழம் போவதற்குள் தட்டு மறைந்துவிடும். வெள்ளியங்கிரி மலைப்பக்கம் நொய்யல் தெளிந்து ஓடும் இடத்தில் ஒரு பாட்டில், திருப்பூர் தாண்டி ஒரு பாட்டில் என்று எடுத்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவை நனைத்து எண்களை ஒப்பிடுங்கள். 1992இல் கட்டி, சாயக்கழிவு தேங்கிப்போன ஒரத்துப்பாளையம் அணையின் கதையும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாயம் துணியில் ஏற நாம் கொட்டும் உப்புதான் அந்த டிடிஎஸ். கடல் தண்ணீரில் அது லிட்டருக்கு 35 கிராம், அதாவது 35,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். நம் வீட்டுப் பேனா பெரும்பாலும் 9,990-க்கு மேல் காட்டாது. எனவே பேனாவைக் கப்பலுக்குக் கட்டி எடுத்துப் போக வேண்டாம்.

புறப்படும் முன்

மருத்துவத் தகுதிச் சான்று, ஆதார், துறைமுக அனுமதிச் சீட்டுக்கான தாள்கள் இவற்றை முதலில் முடியுங்கள். துறைமுக வாசலில் பெயர் இல்லாமல் நின்றால் கப்பல் காத்திருக்காது. சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. ஆனால் கப்பல் புறப்படும் அன்று காலை போய் இறங்காதீர்கள். ஒரு நாள் முன்பே போய், தூங்கி எழுந்து ஏறுங்கள். தூக்கம் கெட்டவருக்கு அலை முதலில் காட்டிக்கொடுக்கும்.

குமட்டலுக்கு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. வெறும் வயிறு ஆகாது. நான் ஊட்டி வர்க்கியும் பொரியும் ஒரு டப்பா கொண்டுபோனேன். தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல் டெக்குக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்காள விரிகுடா முரட்டுத்தனமாக இருக்கும். முதல் பயணத்துக்கு ஜனவரிக்குப் பிறகு இடம் கிடைத்தால் நல்லது.

முன்பக்கம் மூடிய ஷூ, முழுக்கைச் சட்டை, பென்சில் அரை டஜன். பேனா மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும். பாட்டிலில் ஒட்டும் லேபிளை ஊரிலேயே எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். நனைந்த பாட்டிலில் எந்த லேபிளும் ஒட்டாது.

கப்பலில் முதல் நாள்

உயிர்காப்புப் பயிற்சிக்கு மணி அடித்தவுடன் போய் நில்லுங்கள். டெக்கில் கம்பி இழுக்கும் வின்ச் எந்திரம் ஓடும்போது, டெக் வேலைகளைக் கவனிக்கும் போசன் சொல்வதுதான் சட்டம். பேராசிரியராக இருந்தாலும் அவர் கைகாட்டாமல் கம்பிக்குப் பக்கத்தில் போகக் கூடாது. இழுவையில் இருக்கும் கம்பியைத் தாண்டிக் கால் வைக்கவே கூடாது.

அப்புறம் கடிகாரம். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். கருவிகளின் கணினிகள் எல்லாம் யுடிசி நேரத்தில் ஓடின; அது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். நான் என் நோட்டில் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். பகல் 11.40 என்று நான் எழுதியது கணினியில் காலை 6.10. இரண்டு நாள் இப்படிப் போனது. நேரம் என்று மட்டும் தலைப்புப் போட்டிருந்தேனே தவிர எந்த நேரம் என்று எழுதவில்லை. மூன்றாம் நாள் யாரோ சொல்லி யுடிசிக்கு மாறினேன், அதையும் நோட்டில் குறிக்கவில்லை. கரைக்கு வந்து செயற்கைக்கோள் படத்தோடு பொருத்த உட்கார்ந்தபோது, எந்த இடத்தில் எந்த நேரம் அளந்தேன் என்று பிடிபடாமல் ஒரு வாரம் போனது. படத்துக்கும் நம் அளவைக்கும் வழக்கமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஐந்தரை மணி நேரக் குழப்பத்தில் இரண்டு இடங்களின் அளவைகளைக் கைவிட வேண்டியதாயிற்று. அதனால் நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பிலேயே 'யுடிசி' என்று எழுதுங்கள். கைக்கடிகாரத்தையும் அதற்கே மாற்றி வையுங்கள்.

ஸ்டேஷனில்: ஒளி முதலில்

தண்ணீர் எடுக்கக் கப்பல் நிற்கும் இடத்தை ஸ்டேஷன் என்பார்கள். நின்றவுடன் ஒளி அளக்கிறவர்களுக்குத்தான் முதல் உரிமை, ஏனென்றால் மேகம் காத்திருக்காது. கப்பலின் நிழலும் நுரையும் படாத இடத்தில் நின்று, நேர்க்கீழிலிருந்து 40 பாகை சாய்த்து, சூரியனிலிருந்து 135 பாகை விலகி, ஒளி அளக்கும் கருவியால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். பிறகு அதே சாய்வில் வானத்தை. பிறகு எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்று தெரிந்த சாம்பல் நிறத் தட்டை. தண்ணீரைப் பார்க்கும்போது அதில் வானமும் பிரதிபலித்துத் தெரியும். காற்று குறைவாக இருக்கும்போது வானத்து ஒளியில் சுமார் 2.8 சதவீதத்தைக் கழித்தால், கடலுக்குள்ளிருந்து வந்த ஒளி மட்டும் மிஞ்சும். லேபில் பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்குப் பெட்டிக்குள் துணியை 45 பாகையில் சாய்த்துப் பார்த்த கைக்கு இது விளங்கும்: எந்த வெளிச்சத்தில், எந்தக் கோணத்தில் பார்த்தோம் என்று தெரியாவிட்டால் நிறத்துக்கு அர்த்தமே இல்லை.

செக்கி தட்டை மட்டும் கப்பலின் நிழல் பக்கத்தில் இறக்குங்கள். வெயில் பக்கம் பளபளப்பு கண்ணை ஏமாற்றும்.

அடுத்து சிடிடி. உப்பு, வெப்பம், ஆழம் மூன்றையும் இறங்கிக்கொண்டே அளக்கும் கருவி. அதைச் சுற்றி வளையமாக, தண்ணீர் பிடிக்கும் நிஸ்கின் பாட்டில்கள் வாயைத் திறந்தபடி நிற்கும். இறங்கும்போது அளவை, ஏறும்போது தண்ணீர். வேண்டிய ஆழத்தில் நிறுத்தி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே மேலே வருவார்கள். கரையோரத்தில் ஆழம் குறைவு. தரையைத் தட்டிச் சேற்றைக் கிளப்பினால் அந்த ஸ்டேஷனின் கலங்கல் கணக்கு கெட்டது.

தண்ணீர் பிரிக்கும் வரிசை

டெக்குக்கு வந்த பாட்டிலில் இருந்து யார் முதலில் எடுப்பது என்பதில் பேரமே கிடையாது. காற்றுப் பட்டால் மாறும் பொருள் முதலில்: ஆக்சிஜன், பிறகு பிஎச்சும் கார்பனும். அதன்பின் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட். கடைசியில் பச்சையம், சிடாம், கலங்கல்.

ஆக்சிஜனை எல்லோருக்கும் முதலில் கற்றுத் தருவார்கள். நானும் அதைத்தான் நெருங்கிச் சொல்ல நினைக்கிறேன். 1888இல் விங்க்ளர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் சொன்ன முறை. மென்குழாயைக் கண்ணாடிப் பாட்டிலின் அடிவரை விட்டு, குமிழி இல்லாமல் மெதுவாக நிரப்புங்கள். நிரம்பிய பிறகும் மூடாமல், பாட்டில் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீர் வழிந்து போகட்டும். மாங்கனீசுக் கரைசலையும் கார அயோடைடையும் பிப்பெட் நுனி தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடித் தலைகீழாகப் பல முறை புரட்டுங்கள். ஆக்சிஜன் இருந்தால் செம்மண் குழம்பு போலப் பழுப்பு வண்டல் திரளும். வெள்ளையாகவே இருந்தால் ஆக்சிஜன் இல்லை. வண்டல் பாதி இறங்கியதும் மறுபடி புரட்டுங்கள். மறுபடி இறங்கிய பிறகு அமிலம் விட்டால் வண்டல் கரைந்து, பால் ஊற்றாத டீ நிறம் வரும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, அது வைக்கோல் நிறத்துக்கு வெளுக்கும். அப்போது ஸ்டார்ச் விடுங்கள்: கருநீலம். இன்னும் சில சொட்டில் நீலம் மறைந்து நிறமற்றுப் போகும். அந்தக் கடைசிச் சொட்டைப் பிடிப்பதுதான் திறமை. கப்பல் ஆடிக்கொண்டிருக்கும், பியூரெட்டைப் பார்த்துக்கொண்டே முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். எங்கள் லேபில் ஒரு மாஸ்டர் இருந்தார். "கண்ணு, டோசிங்ல ஒரு சொட்டு ஏறுனா ஷேடு எறங்கவே எறங்காதுங்க" என்பார். கப்பலில் ஒவ்வொரு டைட்ரேஷனிலும் அவர் குரல் எனக்குக் கேட்டது.

நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகிய சத்துப்பொருள்களுக்கு பிளாஸ்டிக் பாட்டில்தான். கண்ணாடியிலிருந்தே சிலிக்கேட் கரைந்து வரும். சிடாமுக்கு நேர் மாறாகப் பழுப்புக் கண்ணாடிதான் வேண்டும்; பிளாஸ்டிக் சாறு விடும். அந்தக் கண்ணாடியை முன்கூட்டியே 450 டிகிரி உலையில் சுட்டு, ஒட்டியிருக்கும் கரிமப் பொருளைப் போக்கியிருக்க வேண்டும். எந்தப் பாட்டிலானாலும், ஆக்சிஜன் போல வழியவிடும் முறை இல்லாவிட்டால், எடுக்கப் போகும் அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய பிறகே நிரப்புங்கள்.

வடிகட்டும் மேசை

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் போகும். பச்சையத்துக்கு 0.7 மைக்ரான் கண்ணாடி நார் வடிதாள். அறை விளக்கை மங்க வைத்து, பம்பின் உறிஞ்சலைக் குறைவாக வைத்து வடியுங்கள். அவசரப்பட்டு உறிஞ்சினால் பாசி உடைந்து பச்சையம் கீழே போய்விடும். தாளைப் பச்சை உள்ளே இருக்கும்படி மடித்து, அலுமினியத் தாளில் சுற்றி, திரவ நைட்ரஜனில் போடுவார்கள். அது மைனஸ் 196 டிகிரி. கையுறையும் முகக்கண்ணாடியும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். கரைக்கு வந்தபின் 90 சதவீத அசிட்டோனில் இருட்டில், குளிரில் ஒரு நாள் ஊறவைத்துப் பச்சையத்தை அளப்பார்கள்.

கலங்கலுக்கு, முன்பே எடைபோட்ட தாள். இதில் புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். வடித்து முடித்ததும் அப்படியே காயவைத்துவிடுகிறார்கள். 47 மில்லிமீட்டர் தாளில் அரை மில்லிலிட்டர் கடல்நீர் தங்கினால் போதும்; அது காய்ந்தால் 17 மில்லிகிராம் உப்பு. ஒரு லிட்டரில் நாம் தேடும் சேறே பல இடங்களில் அவ்வளவு தேறாது. ஆகவே வாலை வடிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று முறை ஊற்றி உப்பைப் போக்குங்கள். புனலுக்கு அடியில் மாட்டியிருந்த தாளின் விளிம்பையும் மறக்காமல் கழுவுங்கள்.

சிடாமுக்கு 0.2 மைக்ரான் வடிகட்டி. வடிந்த நீரைக் குளிர்ச்சியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். அளக்கும் முன் அறை வெப்பத்துக்கு வரட்டும். சாய லேபில் 1 சென்டிமீட்டர் குவெட் (ஒளி புகும்படி தண்ணீரை வைக்கும் சிறு கலம்) போதும். கடலில் நிறம் அவ்வளவு மெலிதாக இருப்பதால் 10 சென்டிமீட்டர் குவெட் போட வேண்டும். முதல் வரைகோடு திரையில் வந்ததும் பாருங்கள். ஊதாப் பக்கம் உயர்ந்து, சிவப்பை நோக்கி வழுக்கி இறங்கும். சாயத்துக்கு வருவது போல நடுவில் மேடு இருக்காது. மேடு வந்தால் பாட்டிலையோ வடிகட்டியையோ சந்தேகப்படுங்கள். ஆற்றுமுகத்துப் பக்கம் எடுத்த தண்ணீரில் கோடு உயரமாகவும், கரையை விட்டு விலக விலகத் தாழ்ந்தும் வரும். நம் பவானியும் நொய்யலும் அமராவதியும் காவிரியில் விழுந்து கடைசியில் அந்தக் கரைக்குத்தான் போகின்றன. பூம்புகார்ப் பக்கம் கப்பல் நின்றால், சீமைக்கருவேல இலையும் கரும்புச் சோகையும் மக்கிய சாறு அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

திரும்பி வந்ததும்

இறங்கும் முன்பே நோட்டின் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். எண்களைக் கணினியில் ஏற்றும்போது, தட்டைப் பார்த்தவர் யார், வடித்தது எத்தனை மில்லிலிட்டர், வானத்தில் மேகம் எவ்வளவு என்பதற்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

பாட்டில்களை ஊருக்குக் கொண்டுவந்து அடுத்த பயணத்துக்குக் கழுவுவதாக இருந்தால், சோப்புத்தூள் வேண்டாம்; பலவற்றில் பாஸ்பேட் இருக்கும். பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வாலை வடிநீரில் அலசுங்கள். கடைசி அலசலுக்கு நம் போர் தண்ணீரைத் தொடவே கூடாது. வாலை வடிநீரை ஐந்து லிட்டர் கேனில் வாங்கி, 'பாட்டிலுக்கு மட்டும்' என்று எழுதி, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற யாரும் எடுத்துவிடாத இடத்தில் வையுங்கள்.